டெபியனில் கட்டிய கெர்னலை ஃபெடோராவில் அப்படியே ஓட்டலாமா?

மலைக்காபி, ஏற்காடு

வணக்கம். லேப்டாப்பில் இப்போது லினக்ஸ் விநியோகமான டெபியன் 12. ஃபெடோரா 42-க்கு மாறலாம் என்றிருக்கிறேன். ரைசன் 5 6600எச், 16 ஜிபி ராம், மீடியாடெக் எம்டி7921 வைஃபை, ரூட் பார்ட்டிஷன் எக்ஸ்ட்4.

டெபியனோடு வந்த 6.1 கெர்னலில் (லினக்ஸின் மையக் கருவில்) உள் மைக் கிடைக்கவில்லை. கெர்னல்.ஆர்கிலிருந்து 6.12.30 எடுத்து, சவுண்ட்/எஸ்ஓசி/ஏஎம்டி/ஒய்சி என்ற ஃபோல்டரில் உள்ள ஏசிபி6எக்ஸ்-மாக்.சி ஃபைலில் இந்த மாடலுக்கான டிஎம்ஐ பதிவை (பயாஸ் சொல்லும் மாடல் பெயரை) சேர்த்து, மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டி, மேக் பின்டெப்-பிகேஜி மூலம் .டெப் பொதியாகக் கட்டியிருக்கிறேன். பெயர் 6.12.30-மைக்1. மைக், சஸ்பெண்ட், வெளி மானிட்டர் எல்லாம் சரி. கையெழுத்து உள்ள கெர்னலை மட்டும் எழுப்பும் செக்யூர் பூட் ஆனில்தான் இருக்கிறது. விஎம்லினஸை (கெர்னல் ஃபைலை) நானே பதிந்த மோக் சாவியால் எஸ்பிசைன் செய்து, அதாவது கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன்.

கேட்க விரும்புவது:

இதே .டெப்பைப் பிரித்து அதே கெர்னலை ஃபெடோராவில் போட்டால் ஓடுமா? ஜிலிப்சி (சி லைப்ரரி), ஜிசிசி (கம்பைலர்) இரண்டுமே அங்கே வேறு பதிப்பு.

ஓடாது என்றால், பழைய .கான்ஃபிக் ஃபைலை வைத்து அங்கே மறுபடி கட்டினால் போதுமா?

மோக் சாவியைத் திரும்பப் பதிய வேண்டுமா?

இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் நெட். மேலே போனிலிருந்து யூஎஸ்பி டெதரிங் மட்டும்தான், பனி இறங்கினால் அதுவும் இழுத்துப் பிடிக்கும். ஐஎஸ்ஓவைச் சேலத்திலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேல் ஜிபி கணக்கில் இறக்க முடியாது.


ஐந்துரோடு_ரூட், சேலம்

ஓடும் சார். ஜிலிப்சி பத்திக் கவலையே வேண்டாம். கெர்னல் எந்த லைப்ரரியையும் நம்பி இல்லை. மேலே ஓடுற புரோகிராம்தான் கெர்னலை சிஸ்டம் கால் வழியா கூப்பிடுது, அந்த வாசலை உடைக்கக் கூடாதுங்கறது லினக்ஸ்ல ஆரம்பத்துல இருந்தே கட்டாயம். ஜிசிசி வேறயா இருந்தா இடிக்கறது ஒரே இடத்துலதான்: அந்தக் கெர்னலுக்கு வெளி மாட்யூல் ஏதாவது கட்டணும்னா. என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் இருந்தா யோசிக்கலாம், உங்களுக்கு அது இல்லை.

உங்க பிரச்சினை லோக்கல்மாட்கான்ஃபிக். அது அந்த நிமிஷம் எல்எஸ்மாட் காட்டற, அதாவது ஏறியிருக்கற மாட்யூலை (கெர்னலோட தனித் துண்டுகளை) மட்டும் வெச்சுக்கிட்டு மீதியை வெட்டிடும். அதாவது உங்க கெர்னல் "டெபியன் 12, எக்ஸ்ட்4, அன்னிக்கு சொருகியிருந்த சாமான்" இதுக்கு மட்டும் தெச்ச கெர்னல். ஃபெடோரா கேட்கறது வேற. ஃபெடோராவை நிறுவறதுக்கு முன்னாடியே டெபியன்ல உக்காந்து /பூட்ல இருக்கற கான்ஃபிக்-6.12.30-மைக்1 ஃபைலை கிரெப் பண்ணிப் பாருங்க.

முதல்ல பிடிஆர்எஃப்எஸ்_எஃப்எஸ், எக்ஸ்ட்4 மாதிரி இன்னொரு ஃபைல் சிஸ்டம். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் 33-வது பதிப்புல இருந்து, 2020 முதல், ரூட்டை பிடிஆர்எஃப்எஸ்லதான் போடுது. உங்க டெபியன்ல அந்த மாட்யூல் ஏறியே இருக்காது, அதனால வெட்டுப்பட்டிருக்கும். ரெண்டு வழி: நிறுவும்போது கையால பார்ட்டிஷன் பிரிச்சு ரூட்டை எக்ஸ்ட்4 ஆக்கிடுங்க, இல்லைன்னா கெர்னலை மறுபடி கட்டுங்க. மூணாவது வழி கிடையாது.

இசட்ராம். ஃபெடோரா ஸ்வாப் பார்ட்டிஷன் போடாது, ராமிலேயே சுருக்கின ஸ்வாப்பா இசட்ராம் வைக்கும். மாட்யூல் இல்லைன்னா பூட் ஆகும், ஸ்வாப் மட்டும் இருக்காது. 16 ஜிபில உடனே தெரியாது.

என்எஃப்_டேபிள்ஸும் அதோட என்எஃப்டி_ குடும்பமும். ஃபெடோராவோட ஃபயர்வால் சர்வீஸ் ஃபயர்வால்டி இதை நம்பித்தான் நிக்குது. டெபியன்ல ஃபயர்வால் போடாம இருந்திருந்தா இதுவும் போயிருக்கும், சர்வீஸ் சிவப்புல நிக்கும்.

உங்களுக்கு ரொம்ப முக்கியம் யூஎஸ்பி_நெட்_ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட், யூஎஸ்பி_நெட்_சிடிசி_என்சிஎம். போன் டெதரிங் இதுல ஏதாவது ஒண்ணு வழியாத்தான் வரும். லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டினப்போ போன் சொருகி டெதரிங் ஆன்ல இருந்ததா? இல்லைன்னா இதுவும் கெர்னல்ல இருக்காது. மலை மேல உக்காந்துக்கிட்டு வைஃபையும் இல்லாம டெதரிங்கும் இல்லாம ஆச்சுன்னா கீழ இறங்கித்தான் ஆகணும்.

எஸ்இலினக்ஸ். இது ஃபெடோராவோட பாதுகாப்புக் காவல். டெபியன் கான்ஃபிக்ல எஸ்இலினக்ஸும் இருக்கும், அதே மாதிரிக் காவலான ஆப்ஆர்மரும் இருக்கும், ஆனா ஆப்ஆர்மர் முன்னாடி நிக்கும். ரெண்டுல ஒண்ணுதான் எழும். பூட் வரியில் செக்யூரிட்டி=எஸ்இலினக்ஸ் சேர்த்துட்டா சரி. சேர்க்காம விட்டா ஃபெடோரா எஸ்இலினக்ஸ் இல்லாமலே எழும், வேலையும் செய்யும். ஆனா அந்த நேரத்துல உருவாகற ஃபைலுக்கெல்லாம் லேபிள் இருக்காது. பிறகு ஃபெடோராவோட சொந்தக் கெர்னலுக்குத் திரும்பினா லாகின்லயே மாட்டும். மாட்டினா ரூட் அடியில் .ஆட்டோரீலேபிள்னு ஒரு வெத்து ஃபைல் டச் பண்ணிட்டு ரீபூட் பண்ணுங்க. ஃபைல் நிறைய இருந்தா நேரம் எடுக்கும், நடுவுல அணைக்காதீங்க.

இனி செய்முறை. டெபியன்ல இருக்கும்போதே:

ஏஆர் எக்ஸ் போட்டு லினக்ஸ்-இமேஜ் .டெப்பைப் பிரிச்சா டேட்டா.டார்.எக்ஸ்இசட் கிடைக்கும். அதை அப்படியே பென்டிரைவுக்குக் காப்பி பண்ணுங்க. பிரிச்சுப்போட்டு காப்பி பண்ணாதீங்க, பென்டிரைவ் ஃபேட்32 ஆ இருந்தா சிம்லிங்கும் பர்மிஷனும் தங்காது. நீங்க கையெழுத்து போட்ட விஎம்லினஸை மறக்காம தனியா எடுத்துக்குங்க, .டெப்க்குள்ள இருக்கறது கையெழுத்து இல்லாததாக இருக்கும்.

ஃபெடோரால:

ஒரு தற்காலிக ஃபோல்டர்ல டார் எக்ஸ்எஃப். உள்ள இருக்கற லிப்/மாட்யூல்ஸ்/6.12.30-மைக்1 ஃபோல்டரை சிபி -ஏ போட்டு /யூஎஸ்ஆர்/லிப்/மாட்யூல்ஸ் அடியில் வைங்க. கையெழுத்து போட்ட விஎம்லினஸை அதே ஃபோல்டருக்குள்ள விஎம்லினஸ்ங்கற பேர்ல போடுங்க. அப்புறம் வரிசையா:

சூடோ டெப்மாட் -ஏ 6.12.30-மைக்1
சூடோ ரீஸ்டோர்கான் -ஆர் /யூஎஸ்ஆர்/லிப்/மாட்யூல்ஸ்/6.12.30-மைக்1
சூடோ கெர்னல்-இன்ஸ்டால் ஆட் 6.12.30-மைக்1 /யூஎஸ்ஆர்/லிப்/மாட்யூல்ஸ்/6.12.30-மைக்1/விஎம்லினஸ்

கடைசிக் கமாண்ட் டிராகட்டை ஓட்டி இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆரம்பத்துல ஏறற சின்ன ஃபைல் தொகுப்பு) பண்ணும், /பூட்/லோடர்/என்ட்ரீஸ் அடியில் மெனு பதிவும் எழுதும். டெபியன்ல இருந்த பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் தொடவே வேண்டாம். அதுக்குள்ள இருக்கறது டெபியனோட ஸ்கிரிப்ட், பழைய யூயூஐடி.

மெனு பதிவுக்கான பூட் வரியை அது /ஈடிசி/கெர்னல்/சிஎம்டிலைன் ஃபைல்ல இருந்து எடுக்கும். அந்த ஃபைல் இல்லைன்னா இப்ப ஓடிக்கிட்டிருக்கற கெர்னலோட வரியை எடுக்கும். லைவ் யூஎஸ்பில இருந்து சிஹெச்ரூட் பண்ணி இதைச் செய்யறவங்க நிறையப் பேர் மாட்டறது இங்கதான், லைவ் சிடியோட ரூட்= வரி பதிவுல ஏறிடும். நிறுவின ஃபெடோராக்குள்ள பூட் ஆகி அதுக்கப்புறம் பண்ணுங்க.

பிறகு:

சூடோ கிரப்பி --அப்டேட்-கெர்னல்=/பூட்/விஎம்லினஸ்-6.12.30-மைக்1 --ஆர்க்ஸ்="செக்யூரிட்டி=எஸ்இலினக்ஸ் பேனிக்=10"

பேனிக்=10 எதுக்குன்னா, கெர்னல் பேனிக் ஆனா பத்து செகண்ட்ல தானா ரீபூட் ஆகும். கிரப்2-ரீபூட் போட்டு ஒரு தடவைக்கு மட்டும் இந்தக் கெர்னலைத் தேர்வு பண்ணிட்டீங்கன்னா, ஊத்திக்கிட்டாலும் அடுத்த தடவை ஃபெடோரா கெர்னலுக்கே போயிடும். மெனு தெரியலைன்னா கிரப்2-எடிட்என்வ் - அன்செட் மெனு_ஆட்டோ_ஹைடு. இயல்பா எது நிக்குதுன்னு கிரப்பி --டீஃபால்ட்-கெர்னல் சொல்லும்.

மோக்: மதர்போர்டு நினைவகத்துல இருக்கு, டிஸ்க்ல இல்லை. ஃபெடோராவோட ஷிம்மும் (செக்யூர் பூட்ல முதல்ல எழற பூட் புரோகிராம்) அதே பட்டியலைத்தான் படிக்கும். திரும்பப் பதிய வேண்டாம். கையெழுத்து இல்லாத விஎம்லினஸை வெச்சுட்டீங்கன்னா "பேட் ஷிம் சிக்னேச்சர்"னு கிரப் நிக்கும், அப்பவே தெரிஞ்சிடும்.


கன்னங்குறிச்சி_கே

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டேட்டா.டார் ஃபைலை டார் -சி / என்று நேராக ரூட்டின் மேல் பிரித்துவிடாதீர்கள். ஃபெடோராவில் /லிப் என்பது யூஎஸ்ஆர்/லிப்பைக் காட்டும் சிம்லிங்க். டெப்புக்குள் லிப் என்பது அசல் ஃபோல்டர். டார் இயல்பாகவே சிம்லிங்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் புது ஃபோல்டரை வைத்துவிடும். அதன்பின் ஃபெடோரா கெர்னலின் மாட்யூல்களும் ஃபர்ம்வேரும் (சாதனங்களுக்குள் ஏற்றும் மென்பொருள்) /லிப் வழியாகத் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது. அடுத்த பூட்டில் கீபோர்டு, டச்பேட், நெட் என்று என்னென்ன போகும் என்று சொல்ல முடியாது.

அப்படித்தான் பிரிக்க வேண்டும் என்றால் --கீப்-டைரக்டரி-சிம்லிங்க் என்ற ஆப்ஷன் கட்டாயம். தற்காலிக ஃபோல்டரில் பிரித்து சிபி செய்வது இதைவிட நிம்மதி. ஏற்கனவே நடந்துவிட்டிருந்தால் லைவ் யூஎஸ்பியில் போய், புதிதாக வந்த லிப் ஃபோல்டருக்குள் இருப்பதை யூஎஸ்ஆர்/லிப்புக்கு நகர்த்திவிட்டு, லிப்பை அழித்து, எல்என் -எஸ் யூஎஸ்ஆர்/லிப் லிப் என்று திரும்பக் கட்டினால் மீண்டுவிடும்.


செவ்வாய்ப்பேட்டை

செய்முறை சரியானது. ஆனால் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்கிறேன். மாற்றியது ஒரே ஃபைலில் ஒரே பதிவு. அதற்காக முழுக் கெர்னலையும் விநியோகம் விட்டு விநியோகம் தூக்கிச் செல்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. 6.12.30 என்று உறைந்துபோன பைனரிக்கு இனி எந்தப் பாதுகாப்புத் திருத்தமும் தானாக வராது. ஃபெடோரா 42 வெளியானதே 6.14 கெர்னலோடு. நீங்கள் பின்னோக்கிப் போகிறீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது, ஃபெடோராவின் கெர்னலில் உங்கள் மாடல் ஏற்கனவே சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பது. பூட் செய்துகூடப் பார்க்க வேண்டாம். மாடல் பெயரை /சிஸ்/கிளாஸ்/டிஎம்ஐ/ஐடி அடியில் உள்ள ப்ராடக்ட்_நேம் ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெடோராவில் மாட்யூல்கள் எக்ஸ்இசட்டில் சுருக்கப்பட்டிருக்கும். எனவே:

எக்ஸ்இசட்கேட் எஸ்என்டி-எஸ்ஓசி-ஏசிபி6எக்ஸ்-மாக்.கேஓ.எக்ஸ்இசட் | ஸ்ட்ரிங்ஸ் | கிரெப் மாடல்பெயர்

டிஎம்ஐ பட்டியலில் உள்ள சொற்கள் மாட்யூலுக்குள் வெறும் எழுத்தாகவே கிடக்கும். அதனால் இந்தச் சோதனை நம்பகமானது. பெயர் வந்தால் எந்தக் கெர்னலையும் கட்ட வேண்டாம், இந்தத் திரியையும் இத்தோடு மூடிவிடலாம். ஒன்று கவனியுங்கள்: டிஎம்ஐ_மேட்ச் என்பது பகுதி ஒப்பீடு. பட்டியலில் உங்கள் பெயரின் முன்பாதி மட்டும் இருந்தாலும் பொருந்தும். ஆகவே முழுப் பெயரையும் போட்டுத் தேடாமல் முதல் நாலைந்து எழுத்தை வைத்துத் தேடுங்கள்.

இல்லை என்றால் அந்த ஒரு மாட்யூலை மட்டும் கட்டுங்கள். தேவை மூன்று ஃபைல்கள்: ஏசிபி6எக்ஸ்-மாக்.சி, ஏசிபி6எக்ஸ்.எச், ஏசிபி6எக்ஸ்_சிப்_ஆஃப்செட்_பைட்.எச். கெர்னல்.ஆர்கின் கிட் தளத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ப்ளெயின் என்ற இணைப்பு இருக்கிறது. முழு டார்பால் சுமார் 140 எம்பி. இந்த மூன்றும் போனில் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். உங்கள் ஃபெடோரா கெர்னல் எந்தப் பதிப்போ அதே பதிப்பின் டேகிலிருந்து எடுங்கள். உங்களிடம் இருக்கும் 6.12 ஃபைலை 6.14-இல் வைத்துக் கட்டாதீர்கள். சவுண்ட் பகுதியின் உள் அழைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு பெயர் மாறும். பயனர் பக்கத்துக்குத்தான் உடையாது என்ற உறுதி, உள்ளே கிடையாது.

பிறகு கெர்னல்-டெவெல் பொதி, ஜிசிசி, மேக். கெர்னல்-டெவெல் ஓடும் கெர்னலின் அதே எண்ணாக இருக்க வேண்டும், யூநேம் -ஆர் சொல்வதை அப்படியே கொடுத்து நிறுவுங்கள். மேக்ஃபைலில் இரண்டு வரி போதும்:

ஓபிஜே-எம் := எஸ்என்டி-எஸ்ஓசி-ஏசிபி6எக்ஸ்-மாக்.ஓ
எஸ்என்டி-எஸ்ஓசி-ஏசிபி6எக்ஸ்-மாக்-ஓபிஜேஎஸ் := ஏசிபி6எக்ஸ்-மாக்.ஓ

இரண்டாவது வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மேக் இல்லாத ஒரு .சி ஃபைலைத் தேடிக்கொண்டு "நோ ரூல் டு மேக் டார்கெட்" என்று நிற்கும்.

இதை டிகேஎம்எஸ்ஸில் கொடுத்துவிட்டால் கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் தானே கட்டிக்கொள்ளும். டிகேஎம்எஸ்.கான்ஃப் ஃபைலில் பொதியின் பெயர், பதிப்பு, கட்டப்படும் மாட்யூலின் பெயர், டெஸ்ட்_மாட்யூல்_லொகேஷன், ஆட்டோஇன்ஸ்டால்="எஸ்" ஆகியவை போதும். ஃபெடோராவில் அது எக்ஸ்ட்ரா ஃபோல்டரில் போய் உட்காரும். டெப்மாட் எக்ஸ்ட்ராவை முதலில் பார்ப்பதால் கெர்னலோடு வந்த அசல் மாட்யூலை அழிக்க வேண்டியதில்லை. செக்யூர் பூட் இருப்பதால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடியில் உள்ள மோக்.பப் சாவியை மோக்யூட்டில் --இம்போர்ட் மூலம் ஒரு முறை பதிய வேண்டும். ரீபூட்டில் நீலத் திரை வரும், அங்கே நீங்கள் கொடுத்த கடவுச்சொல்லைக் கேட்கும். அதைத் தவறவிட்டால் இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். உங்கள் பழைய மோக் சாவியே கையில் இருக்கிறது என்றால் டிகேஎம்எஸ்ஸுக்கு அதைக் காட்டிவிடுவது இன்னும் எளிது.

வேலை செய்கிறதா என்பதை /ப்ராக்/ஏசவுண்ட்/கார்ட்ஸ் சொல்லும். ஏசிபி6எக்ஸ் என்று ஒரு கார்டு கூடுதலாக வர வேண்டும்.

இந்தப் பதிவு ஏன் தேவைப்படுகிறது என்றால், டிரைவர் முதலில் ஏசிபிஐ அட்டவணையில் ஏசிபிடிமிக்கனெக்டட் என்ற குறிப்பைத் தேடுகிறது. பயாஸில் அதை எழுதாமல் விட்ட மாடல்களுக்குத்தான் இந்தக் கைப்பட்டியல். பயாஸ் அப்டேட் வந்திருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.


மலைக்காபி, ஏற்காடு

மூவருக்கும் நன்றி. ஃபெடோரா நிறுவியாயிற்று, ரூட் எக்ஸ்ட்4. ஸ்ட்ரிங்ஸ் சோதனையில் மாடல் பெயர் வரவில்லை. டிகேஎம்எஸ் வேலையை வாரக் கடைசியில் செய்வேன். அதுவரைக்கும் என்று ரூட் அண்ணா சொன்னபடி 6.12.30-மைக்1 போட்டேன். பூட் ஆகிறது, மைக் இருக்கிறது. ஆனால் வைஃபை இல்லை, புளூடூத் இல்லை, திரை பெரிய எழுத்தோடு மங்கலான ரெசல்யூஷனில் நிற்கிறது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெஜில்:

டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபார் மீடியாடெக்/வைஃபை_ராம்_கோட்_எம்டி7961_1.பின் ஃபெய்ல்ட் வித் எரர் -2

ஃபைல் /லிப்/ஃபர்ம்வேர்/மீடியாடெக் அடியில் இருக்கத்தான் செய்கிறது. ஃபெடோரா கெர்னலில் வைஃபை வருகிறது. கான்ஃபிக்கில் எஃப்டபிள்யூ_லோடர்_கம்ப்ரஸ் "இஸ் நாட் செட்" என்று இருக்கிறது. இதுதானா?


ஐந்துரோடு_ரூட், சேலம்

அதேதான். எல்எஸ் போட்டுப் பாருங்க, ஃபைல் பேர் .பின்.எக்ஸ்இசட்னு முடியும். ஃபெடோரா ஃபர்ம்வேரை எக்ஸ்இசட்ல சுருக்கித்தான் வெக்குது, டெபியன் 12-ல அப்படியே விரிச்சு இருக்கும். உங்க கெர்னலுக்கு சுருக்கினதைப் பிரிக்கத் தெரியாது, .பின்னு முடியற ஃபைலைத் தேடுது, இல்லைங்குது. -2ன்னா ஃபைல் இல்லைன்னு அர்த்தம். திரை மங்கலுக்கும் இதே காரணம்தான், ஏஎம்டிஜிபியு டிரைவருக்கு ஃபர்ம்வேர் கிடைக்கலை.

இது மாட்யூல் இல்லை, ஆம்/இல்லை வகை. அதனால லோக்கல்மாட்கான்ஃபிக் மேல பழி போட முடியாது, டெபியன்ல இருந்து நீங்க எடுத்த கான்ஃபிக்லயே அப்படி இருந்திருக்கு. மறுபடி கட்டும்போது எஃப்டபிள்யூ_லோடர்_கம்ப்ரஸ், கூடவே _எக்ஸ்இசட் ரெண்டையும் ஆன் பண்ணுங்க. _இசட்எஸ்டிடியும் பண்ணிடுங்க, நாளைக்கு ஆர்ச்சுக்குத் தாவினா அங்க அதுதான்.

வாரக் கடைசி வரைக்கும் ஓட்டணும்னா கட்டாமலே வழி இருக்கு. கெர்னல் ஃபர்ம்வேரைத் தேடற இடம் நாலு: /லிப்/ஃபர்ம்வேர்/அப்டேட்ஸ் அடியில் கெர்னல் பதிப்புப் பேர் போட்ட ஃபோல்டர், அப்புறம் அப்டேட்ஸ், அப்புறம் /லிப்/ஃபர்ம்வேர் அடியில் பதிப்புப் பேர் போட்ட ஃபோல்டர், கடைசியா /லிப்/ஃபர்ம்வேர். ஆக /லிப்/ஃபர்ம்வேர்/6.12.30-மைக்1 ன்னு ஒண்ணு உண்டாக்கி, அதுக்குள்ள மீடியாடெக், ஏஎம்டிஜிபியு ரெண்டு ஃபோல்டர். மீடியாடெக்ல எம்டி7961 பேர் வர்ற எல்லாம் (வைஃபைக்கு ராம் கோட் ஒண்ணு, பேட்ச் ஒண்ணு, பிடி_ராம்_கோட் புளூடூத்துக்கு). ஏஎம்டிஜிபியுல யெல்லோ_கார்ப்_ னு ஆரம்பிக்கற எல்லாம், உங்க 6600எச் சிப்புக்கு அதுதான் பேர். ஒவ்வொண்ணையும் எக்ஸ்இசட் -டிசி போட்டு இங்க விரிச்சு எழுதுங்க. ஃபெடோரா பொதியோட ஃபோல்டரைக் குப்பையாக்க வேண்டாம், வேலை முடிஞ்சதும் இந்த ஒரு ஃபோல்டரை அழிச்சா போதும்.

அதோட நிறுத்தினா வைஃபை வரும், திரை வராது. ஏஎம்டிஜிபியு இனிட்ராம்எஃப்எஸ்குள்ளயே ஏறிடுது, அங்க இருக்கறது பழைய நகல். சூடோ டிராகட் -எஃப் --கேவர் 6.12.30-மைக்1 போட்டு அதைப் புதுசு பண்ணுங்க.


கன்னங்குறிச்சி_கே

மறுபடி கட்டும் எண்ணம் இருந்தால் ஃபெடோரா 42-இல் தடுக்கும் இடங்கள் இவை. ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல் மட்டும் போதாது, 41-லிருந்து என்ஜின்.எச் ஃபைலைத் தனியாகப் பிரித்து ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல்-என்ஜின் என்று வைத்திருக்கிறார்கள். 6.12 போன்ற மூலத்துக்கு அதுவும் வேண்டும். எல்ஃப்யூட்டில்ஸ்-லிபெல்ஃப்-டெவெல், ஃபிளெக்ஸ், பைசன், பிசி, பெர்ல், பிடிஎஃப் ஆன் என்றால் ட்வார்வ்ஸ். கம்பைலர் ஜிசிசி 15. அது சி23-ஐ இயல்பாக எடுத்துக்கொள்வதால் பழைய மூலங்கள் ஸ்டிடிடெஃப்.எச் ஃபைலில் ஃபால்ஸ், ட்ரூ என்ற சொற்களிலேயே விழும். வரிசையின் கடைசிப் பதிப்பை எடுத்தால் அந்தத் தொல்லை குறையும். கான்ஃபிக்கில் வெர்ரர் ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள், ஜிசிசி 15 புதிதாகச் சொல்லும் எச்சரிக்கைகளுக்கெல்லாம் கட்டுமானம் நின்றுபோகக் கூடாது.

முழு டார்பால் வேண்டாம். 6.12.30 மூலம் உங்களிடம் இருப்பதால், கெர்னல்.ஆர்கில் வி6.எக்ஸ் அடியில் இன்க்ர் என்ற ஃபோல்டருக்குப் போங்கள். பேட்ச்-6.12.30-31 என்பது போல ஒவ்வொரு படிக்கும் தனிச் சுருக்கு ஃபைல் இருக்கிறது. வரிசையாக ஒட்டிக்கொண்டே வரலாம், ஒரு படியைத் தாண்டக் கூடாது. உங்கள் டிஎம்ஐ பதிவு அதே ஃபைலில் இருப்பதால் ஏதாவது ஒரு படியில் ஒட்டாத பகுதி .ரெஜ் ஃபைலாக விழலாம். முதலில் உங்கள் மாற்றத்தைப் பேட்ச் -ஆர் மூலம் கழற்றிவிட்டு, எல்லாப் படியும் ஏறிய பின் திரும்பப் போடுங்கள்.

டீபக்_இன்ஃபோவை நன் ஆக்கிவிடுங்கள். அது ஆனில் இருந்து, மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் செய்யும்போது இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 கொடுக்க மறந்தால் இனிட்ராம்எஃப்எஸ் நூற்றுக்கணக்கான எம்பி ஆகும். 1 ஜிபி /பூட்டில் மூன்று கெர்னல் ஏற்கனவே இருக்கிறது.

எந்தக் கான்ஃபிக்கை அடிப்படையாக எடுப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை: டெபியனுடையதை விட்டுவிடுங்கள். ஃபெடோரா கெர்னலில் பூட் ஆகி, /பூட்டிலுள்ள அதன் கான்ஃபிக்கை எடுத்து, போனைச் சொருகி டெதரிங் ஆன் செய்து, பென்டிரைவையும் மைக்கோடு கூடிய ஹெட்செட்டையும் வெளி மானிட்டரையும் சொருகி, அதன்பிறகு லோக்கல்மாட்கான்ஃபிக். பழையதில் நீங்கள் கையால் மாற்றியவை எவை என்பதை ஸ்கிரிப்ட்ஸ்/டிஃப்கான்ஃபிக் காட்டிக் கொடுக்கும், அந்த நாலைந்தை மட்டும் கொண்டுவாருங்கள்.


ஐந்துரோடு_ரூட், சேலம்

கூட ரெண்டு வரி. மேக் -ஜே12 போட வேண்டாம், -ஜே8 போதும். 6600எச்க்கு உச்ச வெப்பம் 95 டிகிரி. இங்க கீழ சித்திரை வெயில்ல அதைத் தொட்டுட்டு வேகத்தைக் குறைச்சுக்கும், பன்னெண்டு போட்டும் லாபம் இருக்காது. உங்க மலைக்கு அந்தக் கவலை குறைவு, ஆனா கரண்ட் போற கவலை உண்டு. நடுவுல பேட்டரி தீர்ந்து அணைஞ்சா மேக் விட்ட இடத்துல இருந்து தொடரும், ஆனா பாதி எழுதின .ஓ ஃபைல் பூஜ்ய அளவுல நிக்கும், கடைசில லிங்க் பண்ணும்போது புரியாத பிழை வரும். திரும்ப ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃபைண்ட் . -நேம் '*.ஓ' -சைஸ் 0 -டெலீட்.

கீழ இறங்கற வேலை இருந்தா சொல்லுங்க, பேட்ச் எல்லாம் பென்டிரைவ்ல போட்டு வெக்கறேன்.


செவ்வாய்ப்பேட்டை

டிகேஎம்எஸ் முடிந்த கையோடு அந்தப் பதிவை மேலே, அதாவது கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். ஸ்டேபிள் வரிசைகளில் புதிய வசதிகளை ஏற்க மாட்டார்கள், ஆனால் சாதன அடையாளம், குவிர்க் போன்றவற்றை ஏற்பார்கள் என்று அவர்களின் விதியிலேயே இருக்கிறது. மெயின்லைனில் (மூலக் கெர்னலில்) நுழைந்தால் 6.12-க்கும் வந்து சேர வாய்ப்புண்டு, எந்த விநியோகத்துக்குத் தாவினாலும் மைக் இருக்கும்.

அதே ஃபைலுக்கு முன்பு வந்த கமிட்களைப் பாருங்கள், தலைப்பு எல்லாம் "ஏசாக்: ஏஎம்டி: ஒய்சி:" என்று தொடங்கும். அதையே பின்பற்றுங்கள். பதிவில் போர்டு வெண்டர், ப்ராடக்ட் நேம் இரண்டும் டிஎம்ஐ ஃபைலில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கட்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்கும். கீழே சைன்ட்-ஆஃப்-பை வரியில் உங்கள் சொந்தப் பெயர். ஸ்கிரிப்ட்ஸ் அடியில் செக்பேட்ச் ஓட்டிப் பிழை இல்லை என்று பார்த்து, கெட்_மெயின்டெய்னர் காட்டும் முகவரிகளுக்கு கிட் சென்ட்-இமெயில் வழியாக அனுப்புங்கள். போனின் மெயில் ஆப்பிலோ பிரவுசரிலோ ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறிவிடும், அந்தப் பேட்சை யாராலும் ஒட்ட முடியாது.